பாட்டை வைத்துவிட்டுப் பேச்சை வெட்டினோம்: ஒரு வானொலிக் கசெட் சேகரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில், களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள ஓர் ஊர் வாசிகசாலையில் 2023 பெப்ரவரி தொடங்கி 2024 ஆகஸ்ட் வரை நடந்தது இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த 186 கசெட்டுகளையும், அவருடைய தமையனார் விட்டுப்போன 9 ஸ்பூல் நாடாக்களையும் (கூடு இல்லாத பெரிய சுருள் நாடா) கணினிக்கு மாற்ற இறங்கினோம். நடுவழியில் ஒரு பெரிய பிழை விட்டோம். அதைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, வெளியிலிருந்து வந்த ஒரு பெண். பழைய நாடாக்கள் வைத்திருக்கிற வேறு வாசிகசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன். அப்போது செயலாளராக இருந்தது நான். ஆகவே பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

## பின்னணி

ஆசிரியரை ஊரில் எல்லாரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அப்போது அவருக்கு வயது 81. 1978 நவம்பர் 23 சூறாவளியில் வீட்டுக் கூரையோடு அவருடைய வால்வ் ரேடியோவும் போய்விட்டது. அடுத்த வருடம் ஒரு டூ-இன்-வன் வாங்கினார், ரேடியோவும் கசெட் ரெக்கோடரும் ஒன்றாயிருக்கிற பெட்டி. இறக்குமதி திறந்துவிடப்பட்டு, கடைகளில் ஜப்பான் சாமான் குவிந்திருந்த காலம். அன்றிலிருந்து 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டு குடும்பம் இடம்பெயரும் வரை, பதினொரு வருடம், கையில் கிடைத்த கசெட்டில் எல்லாம் வானொலியைப் பிடித்து வைத்தார்.

பிடித்ததில் பெரும்பகுதி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை இரண்டு, அதாவது வர்த்தக சேவை. தமிழ்நாட்டுக்காரர் 'சிலோன் ரேடியோ' என்று உருகுவது இதை நினைத்துத்தான். சேகரிப்பின் பெறுமதி விளங்க அந்த நிலையத்தின் கதை கொஞ்சம் தேவை.

1920களின் தொடக்கத்தில், தந்தி அலுவலகப் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பத் தொடங்கினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் பாகங்களை வைத்துச் செய்த ஒலிபரப்பி, போட்டுக்காட்டக் கிராமபோன் இசை, இவ்வளவுதான் ஆரம்பம். 1925 டிசம்பர் 16இல் ஆளுநர் சேர் ஹியூ கிளிஃபோர்ட் முறைப்படி தொடக்கி வைத்தார். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் தன் படைவீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ சீயக் என்ற நிலையத்தை நடத்தியது. போர் முடிந்தபின் அந்த வலுவான சிற்றலைக் கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமாகி, 1950இல் வர்த்தக சேவை ஆரம்பித்தது.

அப்புறம் நடந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. பாட்டுக் கேட்க விரும்பிய இந்தியக் காதுகள் கொழும்புப் பக்கம் திரும்பின. இந்தியில் அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலா, தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல், இரண்டும் கடல் தாண்டிப் போயின. 1957இல் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டில் அந்தப் பழக்கம் விடவில்லை. 1967 ஜனவரி 5இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறியது, 1972இல் நாடு குடியரசானபோது இன்றைய பெயர் வந்தது. பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம் போன்றோரின் குரல்கள் சேர் பதிவு செய்த காலத்துக்கு உரியவை.

எங்கள் பக்கத்தில் வானொலி என்பது பாட்டு மட்டும் இல்லை. தேசிய சேவையில் செய்தி, பாடசாலை நிகழ்ச்சி, கடற்றொழிலாளருக்குக் காலநிலை, செய்திக்குப் பிறகு மரண அறிவித்தல். கல்முனை, மருதமுனை, சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம் சேவை, நோன்பு காலத்தில் அதை மூடவே மாட்டார்கள். இன்று கூட்டுத்தாபனத்தின் தென்றல் என்ற தமிழ்ச் சேவை இருக்கிறது, அம்பாறை மாவட்டத்தில் பிறை எப்.எம். இருக்கிறது. ஆனால் ஒருகாலத்தில் ஊரில் ஓர் ஆள் செத்தால் அதை உறுதிப்படுத்தியது கொழும்பிலிருந்து வந்த குரல்தான். தந்தி பிந்தலாம், ரேடியோ பிந்தாது.

நேரடியாகச் சொல்லப்பட்டுக் காற்றோடு போன இந்தப் பேச்சை நாடாவில் பிடித்து வைக்கிற வழக்கம் பெரும்பாலான நிலையங்களில் முழுமையாக இருக்கவில்லை. நாடா விலை கூடிய சாமான், அழித்துவிட்டு மறுபடி பதிவார்கள். ஆகவே ஓர் அறிவிப்பாளர் 1984இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்ன பேசினார் என்பது எங்காவது மிஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் கேட்டவர் வீட்டு அலுமாரியில்தான். இதை நான் இப்போது எழுதுகிறேன். 2023இல் எனக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் உறைக்கவில்லை.

## தொடக்கத்தில் கண்டவை

சேரின் மகள் வீட்டைத் திருத்தும்போது, கசெட்டுகள் நிறைந்த இரண்டு உரப்பையை எறிவதா வைப்பதா என்று கேட்டு வந்தார். வாங்கி வைத்தோம். 2025இல் இலங்கை வானொலிக்கு நூறு வயது ஆகிறதே, அதற்குள் ஒரு 'கேட்கும் நாள்' வைக்கலாம் என்ற ஆசையும் இருந்தது.

186 கசெட்டில் 41இல் பூஞ்சணம். கசெட்டின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுற்றின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரியும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊரில் இது எதிர்பார்க்க வேண்டியது. பதினைந்து இருபது கசெட்டில், ஒலியை வாசிக்கிற ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்தது. பெரும்பாலானவை 60 நிமிடக் கசெட், மிச்சம் 90. இரண்டே இரண்டு 120, அவற்றின் நாடா 60 நிமிடக் கசெட்டினுடையதில் ஏறக்குறையப் பாதி தடிப்புத்தான், தொடவே பயம்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட எழுதுகொப்பி. ஒவ்வொரு கசெட்டுக்கும் இலக்கம் போட்டு, மாதம், வருடம், பாட்டின் முதலடி, படத்தின் பெயர் எல்லாம் சேர் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. அதில் எழுதாதது எது என்று நாங்கள் யோசிக்கவில்லை. அறிவிப்பாளர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை, நிகழ்ச்சியின் பெயரும் அரிது. சேருக்குக் கசெட் என்றால் பாட்டு. கொப்பியைப் பார்த்த எங்களுக்கும் அப்படியே ஆயிற்று.

## முதல் முடிவுகள்

வேலைக்கு வந்தவர்கள் உயர்தரம் படிக்கிற மூன்று பிள்ளைகள். கருவி விஷயத்தில் முதலில் சிக்கனம் பார்த்து, யூஎஸ்பி வயரோடு வருகிற மலிவான கசெட் பிளேயர் ஒன்று வாங்கினோம். மோட்டார் சீராக ஓடவில்லை, பாடுகிறவர் குளிரில் நடுங்குகிற மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் அதை ஓரம் வைத்துவிட்டு, கல்முனையில் ரேடியோ திருத்துகிற நானா ஒருவரிடம் போனோம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்). அவர் கடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு பழைய கசெட் டெக் எடுத்து, பெல்ட் மாற்றி, ரப்பர் உருளையைத் துடைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை, 'கேட்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிடுங்க' என்று மட்டும் சொன்னார்.

அவர் காட்டிய ஒரு வித்தையை இங்கே எழுதியே ஆக வேண்டும். டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும். ஒவ்வொரு கசெட்டையும் போட்டுக் கேட்டபடி, அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பதிவு செய்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு வந்ததும், போர்வையை விலக்கின மாதிரி 'ச'வும் 'ஸ'வும் பளிச்சென்று கேட்கும். எங்களில் கெட்டிக்காரி ஒருத்தி, அந்த மூவரில் ஒரே பெண்பிள்ளை, இரண்டு நாளில் இதைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, இனிப் பிழைக்கு வருகிறேன். ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹேட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவாக எடுத்தோம். அப்படி எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜீபீ வரும். வாசிகசாலை லப்டொப்பில் மிஞ்சியிருந்த இடம் 40 ஜீபீ. முழுச் சேகரிப்புக்கு 200 ஜீபீக்கு மேல் வேண்டும் என்பதை ஒரு தாளில் பெருக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. இடம் குறையத் தொடங்கியதும் நான் சொன்ன வழி இது: ஒவ்வொரு கசெட்டையும் எடுத்தபின் பாட்டுகளைத் தனித்தனி எம்பி3 ஆக வெட்டிச் சேமியுங்கள், நடுவில் வருகிற பேச்சு, விளம்பரம், இரைச்சல் எல்லாவற்றையும் கழியுங்கள், பெரிய பைலை அழித்துவிடுங்கள். 'சுத்தம் செய்கிறது' என்று அதற்குப் பெயரும் வைத்தோம்.

அந்த நேரத்தில் இது நியாயமாகவே பட்டது. கேட்கும் நாளில் சனம் பாட்டுத்தானே கேட்கப் போகிறது? கொப்பியிலும் பாட்டுத்தானே இருக்கிறது? ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை 37 கசெட் முடிந்தது. மொத்தம் 43 மணித்தியாலப் பதிவு, வெட்டியபின் 31. பன்னிரண்டு மணித்தியாலம் குப்பைக் கூடைக்குள் போய், கூடையும் காலி செய்யப்பட்டது.

அதோடு நிற்கவில்லை. 'முடிந்த' 37 கசெட்டையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, சேரின் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தோம். ஓகஸ்டோடு பிள்ளைகள் படிப்பில் இறங்கினார்கள், உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரிக்குத் தள்ளிப் போயிருந்தது. வேலை அப்படியே நின்றது. மாரி வந்தது. ஜனவரி முதல் வாரங்களில் ஊருக்குள் வெள்ளம், சேரின் வீட்டில் பின்னறை ஒழுகியது.

## அந்தப் பெண் வந்த நாள்

பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை. ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து, குருமண்வெளிப் பாதையில் (ஆட்களை ஏற்றி இறக்குகிற மிதவைப் படகு) வாவியைக் கடந்து, பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு துண்டுத் தாள், அதில் '1984 மாசி' என்று மட்டும்.

அவருடைய தகப்பனார் சேரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். 1984 பெப்ரவரியில் காலமானார். வானொலியில் மரண அறிவித்தல் போனது. அது தன் கசெட்டில் விழுந்திருக்கிறது என்று சேர் அப்போதே அவர்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் இடம்பெயர்வில் வீடு எரிந்தது, தகப்பனாரின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. 'வாசிகசாலையில் சேரின் கசெட் எல்லாத்தையும் கொம்பியூட்டரில் ஏத்திட்டாங்களாம்' என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருக்கிறார்.

கொப்பியில் தேடினோம். 22ஆம் இலக்கம், மாசி 1984, 'பழைய பாடல்கள்'. முடித்த 37இல் ஒன்று. கதிரையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டுப் போட்டோம். ஒரு பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. மெல்ல ஹெட்போனைக் கழற்றினார்.

'இதில ஆக்கள் கதைக்கிறது ஒண்டும் இல்லையே, மனே?'

என்னிடம் பதில் இருக்கவில்லை. வெட்டிவிட்டோம் என்று சொன்னேன். கோபிக்கவில்லை அவர். 'நான் பாட்டுக் கேக்க வரல்ல' என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அன்று பின்னேரமே சேரின் வீட்டுக்குப் போனேன். பொலித்தீன் பையைத் திறந்தபோது 12 கசெட் நனைந்திருந்தன. பைக்குள் போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. 22ஆம் இலக்கமும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. நடந்ததைச் சேரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

'நீங்க வெட்டினதைச் சொல்றீங்க. நானும் அந்தக் காலத்தில அதைத்தானே செஞ்சனான். அறிவிப்பாளர் வாயைத் திறந்தா பௌஸை அமத்துவன். எம்பத்திமூண்டில பௌஸ் பட்டன் உடைஞ்சி போச்சி. மறுகா எல்லாம் பேச்சோடதான் விழுந்திருக்கு. ஆர் திருத்துற எண்டு விட்டுட்டன்.'

பௌஸ் என்றால் பதிவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற பட்டன். நல்ல கசெட் எது, கெட்ட கசெட் எது என்று நாங்கள் போட்டிருந்த தரவரிசை அந்த ஒரு பேச்சில் தலைகீழானது. கொப்பியில் பாட்டு நிறைய, பேச்சு குறைவாக இருந்த 1979-1983 கசெட்டுகளைத்தான் 'முதல்தரம்' என்று வைத்திருந்தோம். பட்டன் உடைந்த பிறகு வந்தவைதான் உண்மையில் வேறெங்கும் கிடைக்காதவை.

## மீண்டும் முதலிலிருந்து

பரீட்சை முடிந்து பெப்ரவரியில் பிள்ளைகள் திரும்பினார்கள். குழுவில் நான்கு முடிவு எடுத்தோம்.

முதலாவது, ஒரு டெராபைட் வெளி டிஸ்க் இரண்டு வாங்குவது. ஒன்று வாசிகசாலையில், மற்றது வேறொரு வீட்டில். சந்தாப் பணத்தில் இடிக்கும் என்று பொருளாளர் முணுமுணுத்தார், சரியான முணுமுணுப்புத்தான். ஆனால் முழுச் சேகரிப்பும் ஒரு டிஸ்கில் நாலில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். சேரின் பெட்டி மோனோ என்பதால் ஒற்றைத் தடமாகச் சேமித்தால் இன்னும் பாதி போதும். காப்பகத் தொழில் தெரிந்தவர்கள் மோனோ நாடாவையும் இரண்டு தடத்தில் எடுக்கவே சொல்வார்கள், ஒரு பக்கம் பழுதாயிருந்தால் மற்றப் பக்கத்தை எடுக்கலாம் என்பதற்காக. டிஸ்க் வந்தபின் நாங்களும் அப்படியே செய்தோம்.

இரண்டாவது, கசெட்டின் ஒரு பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே பைலாக வைப்பது. இரைச்சலையும் நீக்குவதில்லை. பாட்டு வேண்டுமென்றால் நகலில் வெட்டிக்கொள்ளலாம், மூலத்தைத் தொடக்கூடாது.

மூன்றாவது, பேச்சுக்கு ஒரு புதுக் கொப்பி. எந்த நிமிடத்தில் யார் என்ன பேசுகிறார் என்று எழுதுவது.

நாலாவது, எந்தக் கசெட்டும் வீடு திரும்புவதில்லை. காற்றுப் போகிற இரும்பு அலுமாரியில், நிறுத்தி வைப்பது.

நனைந்த பன்னிரண்டில்தான் கூடுதல் நேரம் போனது. நானா சொன்னபடி, வெயிலிலும் வைக்கவில்லை, தலைமுடி காயவைக்கிற மெஷினும் பிடிக்கவில்லை. ஐந்து ஸ்குரூவையும் கழற்றிக் கசெட்டைத் திறந்து, நாடாச் சுற்றை வெளியே எடுத்து, வாகனப் பற்றரிக்கு ஊற்றுகிற வடிநீரில் மெதுவாக அலசினோம். கடையில் வாங்கும்போது அசிட் கலந்த போத்தல் இல்லையே என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். பிறகு மின்விசிறி ஓடுகிற அறையில் மூன்று நாள். காய்ந்ததும் வெற்றுக் கசெட்டுகளின் கூட்டுக்குள் மாற்றிப் பூட்டினோம். எட்டு மீண்டன. நாலில் நாடாவின் காந்தப் பூச்சு தூளாகக் கழன்று ஹெட்டில் அப்பியது, நிறுத்திவிட்டோம். ஸ்குரூ இல்லாமல் ஒட்டி மூடிய கூடுகள் சிலவற்றைச் சவரத் தகட்டால் பிளக்க வேண்டியிருந்தது, அதில் ஒரு பையனின் விரலும் கொஞ்சம் பிளந்தது.

மீட்டவற்றைக் கேட்டபோதுதான் நாங்கள் எறிந்தது என்னவென்று தெரிந்தது. சவர்க்கார விளம்பரம், துணிக்கடை விளம்பரம். பிறந்தநாள் வாழ்த்தில் பிள்ளையின் பெயர், அம்மா அப்பா, மாமா மாமி, அம்மம்மா என்று மூச்சு விடாமல் போகிற பட்டியல். பாட்டுக் கேட்டு எழுதிய நேயர்களின் ஊர்கள்: ஒரே மூச்சில் ஏறாவூர், கம்பளை, மன்னார், நாகர்கோவில். ஆழ்கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை. நோன்பு திறக்கிற நேரம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு குரல், அதற்கு முன்னால் நாலு விநாடி மௌனம்.

நேர அறிவிப்பில் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. பற்றரி இறங்கின நேரத்தில் பதிவு செய்த கசெட்டுகள் இன்றைய டெக்கில் வேகமாக ஓடும், அறிவிப்பாளர் சின்னப்பிள்ளை மாதிரிப் பேசுவார். முதல் சுற்றில் அதைக் காதால் கேட்டு ஊகத்தில் சரிசெய்தோம். பேச்சு இருந்தால் ஊகம் வேண்டாம். ஒரு கசெட்டில் 'நேரம் எட்டு மணி' என்பதற்கும் 'எட்டு மணி பதினைந்து நிமிடம்' என்பதற்கும் நடுவில் எங்கள் கணக்கில் 14 நிமிடம் 6 விநாடி. 900 விநாடி இருக்க வேண்டிய இடத்தில் 846, அதாவது ஆறு வீதத்துக்குச் சற்று மேல் வேகம். அந்த அளவுக்குக் குறைத்ததும் குரல் தன் வயதுக்குத் திரும்பியது. பேச்சை வெட்டியபோது இந்த அளவுகோலையும் சேர்த்தே வெட்டியிருக்கிறோம்.

வெட்டிப்போன 12 மணித்தியாலத்தில் ஏறக்குறையப் பத்தரை மணித்தியாலம் திரும்பக் கிடைத்தது.

## 22ஆம் இலக்கம்

மீண்ட எட்டில் 22உம் ஒன்று. ஏ பக்கத்தில் 11ஆவது நிமிடத்தில் அந்த அறிவித்தல் இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. அன்று சேர் ரெக்கோட் பட்டனை அமத்தியது கொஞ்சம் பிந்தி. இறந்தவரின் பெயர், ஊர், மனைவியின் பெயர், மூத்த பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. கடைசிப் பிள்ளையின் பெயரிலிருந்து தொடங்குகிறது: '...ஆகியோரின் அன்புத் தந்தையுமாவார். அன்னாரின் பூதவுடல் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு நல்லடக்கம் செய்யப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.' பதினான்கு விநாடி. பிறகு விளம்பர மணி, அப்புறம் பாட்டு.

கடைசிப் பிள்ளை அந்தப் பெண்தான். மார்ச்சில் வரச் சொல்லிக் கேட்கவைத்தோம். தகப்பனாரின் பெயர் இல்லை என்று முன்னமே சொல்லிவிட்டோம், ஏமாறக் கூடாதே. கேட்டார். மறுபடி போடச் சொன்னார். நாலாவது தரம் தன் பெயர் வருகிற இடத்தில் தானும் சேர்ந்து சொன்னார். பென் டிரைவில் ஒரு நகல் கொடுத்தோம். அன்றைக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

## யாருக்கு, எப்படிக் கொடுப்பது

நடுவில் ஒரு பையன் உற்சாகத்தில் இரண்டு பைலை யூடியூபில் ஏற்றிவிட்டான். பாட்டின் உரிமைக்காரர் சார்பில் ஒரு நாளுக்குள் தடை வந்தது. அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் பார்த்தோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒலிபரப்புக்கு அது போன வருடம் முடிந்து ஐம்பது வருடம் பாதுகாப்பு உண்டு. 1984இல் போனது 2034 முடியும் வரை. அதற்குள் வருகிற பாட்டுக்கும் இசைக்கும் வேறு உரிமைகள். ஆகவே வாசிகசாலைக்குள் உட்கார்ந்து கேட்கலாம், வெளியே கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

மரண அறிவித்தல், வாழ்த்துப் பட்டியல் இரண்டுக்கும் தனி விதி. அவற்றில் உயிரோடு இருக்கிற ஆட்களின் பெயர், ஊர் வருகிறது. குடும்பத்தவர் கேட்டு வந்தால் அந்தத் துண்டை மட்டும் கொடுப்பது. சட்டப்படி இது எவ்வளவு தூரம் சரி என்று ஒருவர் வாதிடலாம், எங்கள் மனச்சாட்சிக்கு இது சரி.

## எதை மாற்றுவோம்

டிஸ்க் முதலில், டெக் அடுத்தது, மற்றதெல்லாம் பிறகு. வெட்டச் சொன்ன அன்று 'எதற்கு வெட்டுகிறோம்' என்று கேட்க ஒரு வயதானவர் அறையில் இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளை மட்டும் வைத்து நடத்தியது பிழை, அவர்கள் செயலாளர் சொன்னதைச் செய்வார்கள். சேரை முதல் வாரமே கூட்டிவந்து கூடவே உட்காரவைத்திருந்தால் பௌஸ் பட்டன் கதை அப்போதே தெரிந்திருக்கும். அவருடைய கொப்பியை நம்பினோம், அவரைக் கேட்கவில்லை.

பூஞ்சணக் கசெட்டுகளைக் கடைசிக்குத் தள்ளியதையும் மாற்றுவேன். சுலபமானதை முதலில் செய்வோம் என்று தொடங்கினோம், அதற்குள் பூஞ்சணம் பக்கத்துக் கசெட்டுகளுக்கும் ஏறியது. அவற்றை முதல் நாளே வேறு பெட்டிக்குள் பிரித்திருக்க வேண்டும். முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைக்க வேண்டும் என்பதையும் ஒருத்திக்கு இருமல் வந்தபிறகுதான் படித்தோம்.

ஸ்பூல் விஷயத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஒன்பதில் ஒன்று வினாகிரி மணக்கிறது, நாடாவின் அடித்தளம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. அதைத் தனியே பிரித்து வைத்தோம். ஓட்டிப் பார்க்க ஒரு பழைய மெஷின் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். பரிசோதிக்காத மெஷினில் ஒரே பிரதியை ஓட்டுவதில்லை என்று மறுத்தோம்.

## 2024 ஆகஸ்ட் நிலை

186இல் 151 முழுதாகக் கணினியில். 4 போனது போனதுதான். மிச்சம் 31, பூஞ்சணக்காரர், மெதுவாக நடக்கிறது. ஜூலையில் ஒரு சின்னக் கேட்கும் மாலை வைத்தோம். பாட்டு ஒன்றும் போடவில்லை. நேர அறிவிப்பு, காலநிலை, விளம்பரம், நேயர் பெயர்கள், நாற்பது நிமிடம் பேச்சு மட்டும். ஊர்ப் பெயர்கள் வரும்போது சனம் சிரித்தது, கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கல்முனை நானா முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் எழும்பி வந்து, மூன்றாவது துண்டில் ஹெட் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நாளைக்கு டெக்கைக் கொண்டு வாங்க என்றார். மறுநாள் கொண்டு போனோம்.